பொது உழைப்பும் ஒரு பெயரும்
நியூ ஓடர் இசைக்குழுவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வெகுசன இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடகரின் குரலையும் பாடலின் பொருளையுமே முதன்மைப்படுத்துவர். அவ்விசை எத்தகைய உழைப்பினால் உருவாகின்றது, அவ்வுழைப்பின் பயன் எவரைச் சென்றடைகின்றது ஆகிய வினாக்கள் அத்துணை கவனம் பெறுவதில்லை. இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் 1980 இல் தோன்றி, றொக் இசையையும் இயந்திரத் தாளத்தில் அமைந்த நடன இசையையும் இணைத்த நியூ ஓடர் என்னும் குழுவின் வரலாறு இவ்வினாக்களைத் தவிர்க்கவியலாதனவாக்குகின்றது. பலர் கூடிச் செய்த ஆக்கம் யாருக்கு உரியது? அவர்களுள் ஒருவர் மறைந்தாலோ விலகினாலோ அக்குழுவின் பெயர் யாருக்கு உரியது? இவ்விரு வினாக்களையும் அடியொற்றி அக்குழுவின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மன்செஸ்ரர் பருத்தி ஆலைகளால் வளர்ந்த நகரம். தொழிலாளர் நிலைமை பற்றி எங்கல்ஸ் 1845 இல் வெளியிட்ட நூலுக்கு ஆதாரமாய் அமைந்த நகரமும் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, வெறிச்சோடிய கட்டடங்களும் வேலையற்ற இளைஞருமே எஞ்சினர். 1819 இல் வாக்குரிமை கோரித் திரண்ட மக்கள் குதிரைப்படையினரால் வெட்டுண்ட திடலில் பின்னர் எழுந்தது சுதந்திர வர்த்தக மண்டபம். அதன் சிறிய அரங்கில் 1976 யூன் 4 ஆந் திகதி செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவினர் நடத்திய நிகழ்ச்சியைக் கண்டோருள், அயல்நகரான சல்போட்டைச் சேர்ந்த பள்ளித் தோழர்கள் பேர்னாட் சம்னரும் பீற்றர் ஹூக்கும் அடங்குவர். முறையான இசைப்பயிற்சி இன்றியும் இசைக்கலாம் என்ற துணிவை அந்நிகழ்ச்சி அவர்களுக்கு அளித்தது. பட்டுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற மக்கிள்ஸ்பீல்ட் நகரில் வாழ்ந்த இயன் கேட்டிசும் ஸ்ரீபன் மொறிசும் பின்னர் இவர்களுடன் இணைந்தனர். இவ்வாறு உருவானதே ஜோய் டிவிஷன் என்னும் குழு. நாசி முகாம்களிற் பெண்கள் பாலியற் கொடுமைக்கு உள்ளானதைச் சித்திரிக்கும் நாவலொன்றிலிருந்து எடுக்கப்பட்ட இப்பெயர் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அக்கண்டனம் நியாயமானதென்பதை மறுப்பதற்கில்லை.

இக்குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்டது, தொலைக்காட்சி அறிவிப்பாளரான ரொனி வில்சனும் அலன் எராஸ்மசும் 1978 இல் ஆரம்பித்த பக்டரி நிறுவனமாகும். தொழிற்சாலை என்று பொருள்படும் பெயரைப் பூண்டிருந்தும், தொழிற்சாலை முதலாளிகளின் வழக்கத்துக்கு அது நேர்மாறாக இயங்கிற்று. செலவு போக எஞ்சும் இலாபத்தை இசைக்குழுவும் நிறுவனமும் சரிபாதியாகப் பகிர்ந்தன. ஆக்கங்கள் யாவும் இசைக்கலைஞருக்கே உரியன, நிறுவனத்துக்கு எதுவும் உரித்தில்லை, விரும்பியபோது விலகிச் செல்ல அவர்களுக்கு உரிமையுண்டு என்பதே அவர்களிடையே நிலவிய உடன்பாட்டின் சாரம். இசை வர்த்தகத்தில் இஃது அரிதாகக் காணப்பட்ட ஏற்பாடாகும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியிருந்த கேட்டிஸ், வலிப்பு நோயினாலும் மனவேதனையினாலும் நலிவுற்று, 1980 மே 18 ஆந் திகதி, அமெரிக்கப் பயணம் தொடங்குவதற்கு முதல்நாள், தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 23. எவரேனும் ஒருவர் குழுவை நீங்கினால் ஏனையோர் அப்பெயரைப் பயன்படுத்துவதில்லை என முன்னரே உடன்பட்டிருந்தமையால், எஞ்சிய மூவரும் ஈட்டிய புகழனைத்தையும் தாங்கிநின்ற பெயரைக் கைவிட்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியிற் கில்லியன் கில்பேட் இணைந்தார். புதிய பெயரான நியூ ஓடர் என்பதும் ஹிட்லரின் சொல்வழக்கை நினைவூட்டுவதாகக் குறைகூறப்பட்டது. கம்பூச்சியா பற்றிய பத்திரிகைக் கட்டுரையொன்றிலிருந்து அது பெறப்பட்டதென விளக்கமளித்த குழுவினர், நாசிச் சார்பு என்ற குற்றச்சாட்டை மறுத்தனர்.

குரலை இழந்த குழு எவ்வாறு மீண்டெழுந்தது? 1981 இல் வெளிவந்த 'மூவ்மென்ற்' என்னும் முதற்றொகுப்பு மறைந்தவரின் நிழலிலேயே நின்றது. சம்னர் தயக்கத்துடன் பாடகரானார். நியூயோர்க் நகர நடனக் கூடங்களில் அவர்கள் கேட்ட மின்னிசை புதிய வழியைக் காட்டிற்று. சம்னர் உதிரிப்பாகங்களை வாங்கித் தாமே பொருத்திய சீக்குவென்சர் என்னுங் கருவியில் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதித்தால் அஃது அவற்றை இடையறாது இசைக்கும். இதனைத் தாள இயந்திரத்துடன் இணைத்து உருவாக்கியதே 1983 மார்ச்சில் வெளிவந்த 'புளூ மண்டே'. ஏழரை நிமிடத்துக்குச் சற்றே குறைந்த இப்பாடலிற் சுரவரிசையைப் பதித்தபோது கில்பேட் ஒரு சுரத்தைத் தவறவிட்டாரென்றும், அதனால் மெட்டுத் தாளத்தினின்று சற்றே விலகி ஒலிக்கின்றதென்றுங் கூறுவர். இயந்திர இசை மனிதத்தன்மையற்றது என வாதிடுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் தகும். இயந்திரத் தாளத்தின்மேல் ஹூக்கின் பேஸ் கிற்றார் மேற்சுரங்களிலே தனிமெட்டாக ஒலிப்பது இக்குழுவின் அடையாளமாயிற்று. சம்னரின் கிற்றார் ஒலியிடையே தம் வாசிப்பைத் தாமே கேட்கும் பொருட்டு அவர் மேற்கொண்ட உத்தி அது.

12 அங்குல இசைத்தட்டுகளுள் பிரித்தானியாவில் மிகக்கூடுதலாக விற்பனையானது 'புளூ மண்டே' ஆகும். ஆயின், கணினித் தகடு போலத் துளைகளுடன் பீற்றர் சவில் வடிவமைத்த உறையின் செலவினால் விற்ற ஒவ்வொரு பிரதியிலும் நட்டம் ஏற்பட்டதென ஒரு கதை வழங்குகின்றது. அதன் உண்மை எவ்வாறாயினும், கணக்கைக் கருதாத அந்நிறுவனத்தின் போக்குக்கு அக்கதை பொருந்துவதாகவே உள்ளது.

இப்போக்கின் உச்சம் 1982 மே 21 ஆந் திகதி திறக்கப்பட்ட ஹசியெண்டா நடனமண்டபமாகும். பக்டரியும் நியூ ஓடரும் கூட்டாக உரிமை கொண்டிருந்த இம்மண்டபம், முன்னர் உல்லாசப் படகுகள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த கட்டடத்தில் அமைந்தது. தொழிற்சாலைகளில் ஆபத்தை உணர்த்தத் தீட்டப்படும் மஞ்சள் கறுப்புப் பட்டைகள் அதன் தூண்களை அலங்கரித்தன. தந்தையர் உழைத்த ஆலையின் குறியீடுகளிடையே பிள்ளைகள் நடனமாடினர். பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டிய ஆண்டில் இது நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. நகரம் தந்ததை நகருக்கே மீளளித்தல் என்பதே குழுவின் முகாமையாளர் றொப் கிறெற்றன் கொண்டிருந்த நோக்கம். எண்பதுகளின் பிற்பகுதியில் சிக்காகோ, டிற்றொயிற் நகரங்களின் கறுப்பினக் கலைஞர் உருவாக்கிய நடன இசை இங்கு வேரூன்றியபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. எனினும் ஆடவந்தோர் போதைமாத்திரையை நாடி மதுவைத் தவிர்த்தமையால் மண்டபத்தின் வருமானம் பெருகவில்லை. குண்டர் குழுக்களின் வன்முறையும் சேர, 1997 இல் அது மூடப்பட்டது. குழுவினரின் உழைப்பால் வந்த பணத்தின் பெரும்பகுதியை அம்மண்டபம் விழுங்கிற்று. நகருக்கு மீளளிப்பது யாருடைய பணம் என்ற வினாவைக் குழுவினர் காலந்தாழ்த்தியே எழுப்பினர்.

1989 இல் 'ரெக்னிக்' தொகுப்பும், 1990 இல் இங்கிலாந்துக் காற்பந்தாட்ட அணிக்காக இசைத்த பாடலும் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றபோதும் பக்டரியின் கடன் தீரவில்லை. 1992 இல் இலண்டன் றெக்கோட்ஸ் நிறுவனம் அதனை வாங்க முன்வந்தது. அப்பொழுதே பழைய உடன்பாட்டின் பொருள் தெளிவாயிற்று. நியூ ஓடரின் ஆக்கங்கள் பக்டரியின் சொத்தல்லவாதலின், வாங்குவதற்கு அதனிடம் பெறுமதியானது எதுவும் இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பக்டரி வீழ்ந்தது. நிறுவனத்தைக் காக்கத் தவறிய அதே உடன்பாடு கலைஞரின் ஆக்கங்களைக் கடன்காரரிடமிருந்து காத்தது. இலண்டன் றெக்கோட்ஸ் குழுவினருடன் நேரடியாக உடன்படிக்கை செய்து 1993 இல் 'றிபப்ளிக்' தொகுப்பை வெளியிட்டது.

முதலாளிக்கும் கலைஞருக்குமிடையில் உடைமை வினாவுக்கு விடை கிடைத்தது. கலைஞர்களிடையே அவ்வாறன்று. 2007 இல் ஹூக் விலகினார். தாம் விலகியதுடன் குழுவும் முடிவுற்றதென்பது அவர் நிலைப்பாடு. ஏனையோர் 2011 இல் அதே பெயருடன் மேடையேறி, 2015 இல் 'மியூசிக் கொம்பிளீற்' தொகுப்பை வெளியிட்டனர். தமக்குத் தெரியாமற் புதிய கம்பனி அமைத்துத் தமது பங்கைக் குறைத்தனரென ஹூக் அவ்வாண்டு வழக்குத் தொடர்ந்தார். 2017 இல் இணக்கம் ஏற்பட்டது. 1980 இல், ஒருவரை இழந்தபோது பெயரையே துறந்தவர்கள், முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் அப்பெயர் ஈட்டும் வருமானத்தின் பொருட்டு நீதிமன்றை நாட நேர்ந்தது.

இவ்வரலாற்றைச் சிலரது மனமாற்றமாக மட்டும் விளக்குதல் போதாது. நால்வர் சிற்றறையொன்றிற் கூடிப் பயின்ற நாளில் பெயருக்குச் சந்தைப் பெறுமதி இருக்கவில்லை, நட்பே உடன்படிக்கையாயிற்று. பெயர் சொத்தாக மாறியபின் நட்பு மட்டும் அப்பாரத்தைத் தாங்கவில்லை. கூட்டாக உழைப்போர் தமக்கும் நிறுவனத்துக்குமிடையே நீதியை நிலைநாட்டுவதோடு அமையாது, தமக்குள்ளும் அதனை வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்குழுவின் வாழ்க்கை உணர்த்தும் பாடம் எனலாம். ஹசியெண்டா இடிக்கப்பட்டு, அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துள்ளது. பெயர் அங்கும் விலைபெற்றுவிட்டது.