செந்நெறி யாருக்குரியது? ஹார்லம் நடன அரங்கின் கலப்பு நிகழ்ச்சிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலை வடிவங்களுக்கும் அவற்றைப் பேணிவந்த சமூகக் குழுக்களுக்கும் இடையிலான உறவு கலை வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். ஒரு கலை 'செந்நெறி' என்னும் தகுதியைப் பெறும்பொழுது அதன் இலக்கணமும் பயிற்சி முறையும் வரையறுக்கப்படுகின்றன. அவற்றோடு, அதனைப் பயில்வதற்கு உரியோர் யார் என்பதும் எழுதாச் சட்டமாக வரையறுக்கப்பட்டுவிடுகின்றது. அச்சட்டம் எவ்வாறு தோன்றியது, யாரால், எந்நிலையில் மீறப்பட்டது என்பவற்றை ஆராய்வதற்கு, நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியில் 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 'டான்ஸ் தியேட்டர் ஒவ் ஹார்லம்' என்னும் ஹார்லம் நடன அரங்கின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது. அயலிலுள்ள பிள்ளைகளுக்கு நடனம் கற்பிக்கும் பாடசாலையோடு ஒட்டி வளர்ந்த இக்குழு, செந்நெறிப் பலே நடனத்தையும் சமகால ஆக்கங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து மேடையேற்றுவதைத் தனது வழக்கமாக்கிக் கொண்டது. பார்வையாளரின் பல்வகைச் சுவைகளை நிறைவு செய்யும் உத்தியாக மட்டும் இக்கலப்பினைக் கருதுதல் பொருந்தாது. செந்நெறியின் உரிமை பற்றிய ஒரு வாதம் அந்நிகழ்ச்சி நிரலின் வாயிலாக முன்வைக்கப்பட்டது எனலாம்.

அவ்வாதத்தின் முக்கியத்துவத்தை உணர்வதற்குப் பலே நடனத்தின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் அவசியமாகும். பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி தானே அரசவை மேடையில் ஆடியவன். அவன் 1661ஆம் ஆண்டு அரச நடனக் கழகத்தை நிறுவியதைத் தொடர்ந்து அக்கலையின் இலக்கணம் படிப்படியாக வரையறுக்கப்படலாயிற்று. இதனாலேயே பலே அரசவைக்கும் உயர்குடியினருக்கும் உரிய கலை என்னும் கருத்து வேரூன்றியது. ஆயினும் அதனைத் தம் உடலில் தாங்கி வளர்த்தோர் பெரும்பாலும் உயர்குடியினர் அல்லர். மொஸ்கோ நகரில் பலே வகுப்புகள் 1773ஆம் ஆண்டு அநாதைப் பிள்ளைகளின் இல்லத்திலேயே ஆரம்பிக்கப்பட்டன. ரஷ்ய நிலப்பிரபுக்கள் தம் பண்ணையடிமைகளைப் பயிற்றி நடனக் குழுக்களை வைத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் ஒப்பராவிலும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியர் பலர் ஆடினர். எனவே, இக்கலையைச் சுவைப்போர் ஒரு வர்க்கத்தினராகவும் அதன் உழைப்பினைச் சுமப்போர் இன்னொரு வர்க்கத்தினராகவும் இருந்தமை அதன் வரலாற்றின் நிலையான இயல்பாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பிரிவினை நிறவேறுபாட்டின் வடிவத்தையும் பெற்றது. ரஷ்யாவிலிருந்து வெளியேறிய நடன ஆசிரியர் ஜோர்ஜ் பலன்சினை அமெரிக்காவுக்கு வரவழைக்க முயன்ற லிங்கன் கேர்ஸ்டீன் 1933ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றில், வெள்ளையின மாணவரும் கறுப்பின மாணவரும் சேர்ந்து பயிலும் பாடசாலை ஒன்றுக்கான திட்டத்தை விவரித்தார். மறு ஆண்டு பாடசாலை தோன்றியது. ஆனால் அதன் வகுப்பறைகளில் அத்திட்டம் நிறைவேறவில்லை. கறுப்பின நடனப் பெண்ணான ஜெனட் கொலின்ஸ், புகழ்பெற்ற பலேக் குழு ஒன்றில் சேர வேண்டுமாயின் மேடையில் தன் முகத்துக்கு வெண்ணிறம் பூசிக்கொள்ள வேண்டும் எனக் கேட்கப்பட்டபொழுது அதனை மறுத்தார். அவர் 1951ஆம் ஆண்டு மெற்றோபொலிற்றன் ஒப்பராவின் முதன்மை நடனப் பெண்ணாகத் தோன்றினார். 1955ஆம் ஆண்டு பலேக் குழு ஒன்றில் இணைந்த ரேவன் வில்கின்சன் தென் மாநிலச் சுற்றுப்பயணங்களின்போது நிறவெறியரின் அச்சுறுத்தலுக்கு ஆளானார். நியூயோர்க்கின் செல்வாக்கு மிக்க விமர்சகரான ஜோன் மாட்டின், பலே நடனம் பண்பாட்டாலும் உடலமைப்பாலும் கறுப்பினத்தவருக்கு அந்நியமானது என எழுதியமை, விலக்கலுக்கு அழகியல் நியாயமும் கற்பிக்கப்பட்டதைக் காட்டுகின்றது.

இச்சூழலிலேயே ஆதர் மிச்செல் என்பாரின் வருகை நிகழ்ந்தது. 1934ஆம் ஆண்டு ஹார்லத்தில் பிறந்த இவர், 1955ஆம் ஆண்டு பலன்சினின் நியூயோர்க் சிற்றி பலேக் குழுவில் சேர்ந்தார். 1957ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்குப் பலன்சின் அமைத்த 'அகோன்' என்னும் ஆக்கத்தில், மிச்செலும் வெள்ளையினப் பெண்ணான டயானா அடம்ஸும் இணைந்து ஆடும் இருவர் நடனம் இடம்பெற்றது. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திலேயே லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் உயர்தரப் பாடசாலைக்குள் நுழைவதற்கு இராணுவப் பாதுகாப்புத் தேவைப்பட்டது என்பதை ஒப்புநோக்கினால் அந்நடனத்தின் அரசியற் பரிமாணம் தெளிவாகும். வகுப்பறையில் இணைந்திருப்பதே கலகத்துக்குரியதாயிருந்த காலத்தில், கறுப்பு உடலும் வெள்ளை உடலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையை மேடை காட்டியது. அவ்விருவர் நடனம் பல ஆண்டுகள் அமெரிக்க வர்த்தகத் தொலைக்காட்சியில் இடம்பெறவில்லை.

எனினும் ஒருவர் பெற்ற வெற்றி ஒரு சமூகத்தின் வாய்ப்பாகிவிடாது என்பதை மிச்செல் உணர்ந்திருந்தார். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி மாட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறேசில் நாட்டில் தேசிய பலேக் குழுவொன்றை உருவாக்கும் பணியில் அப்பொழுது ஈடுபட்டிருந்த மிச்செல், தன் சொந்த மக்களிடையே அப்பணியைச் செய்யவேண்டும் எனத் துணிந்தார். பாடகி டொரதி மேனர் ஹார்லத்தில் நடத்திவந்த கலைப் பாடசாலையில் வகுப்புகள் தொடங்கின. முப்பது பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு சில மாதங்களுள் நானூறு பேரைக் கொண்டதாக வளர்ந்தது. மிச்செலின் ஆசிரியராயிருந்த வெள்ளையினத்தவர் கரல் ஷூக், இம்முயற்சியில் இணை நிறுவனராகச் சேர்ந்துகொண்டார். மிச்செல் தன் சேமிப்பை இதற்குச் செலவிட்டார். ஃபோர்ட் மன்றத்தின் நன்கொடையும் கிடைத்தது. தேவாலய நிலவறையிலும் கராஜ் ஒன்றிலும் தொடர்ந்த வகுப்புகள், பின்னர் 152ஆம் வீதியில், முன்னர் கராஜாக இருந்த கட்டடமொன்றில் நிலைபெற்றன.

வகுப்புகள் நடைபெற்ற முறையும் கருத்திற் கொள்ளத்தக்கது. கோடை வெப்பத்தில் கராஜின் கதவுகள் திறந்து விடப்பட்டன; வீதியிற் செல்வோர் நின்று பார்த்தனர்; பார்த்த பிள்ளைகளுட் பலர் உள்ளே வந்து சேர்ந்தனர். இறுக்கமான காலுறை அணிவதற்குக் கூச்சமடைந்த சிறுவர் காற்சட்டையை வெட்டி அணிந்து ஆட அனுமதிக்கப்பட்டனர். மேள ஒலியும் வகுப்பில் இடம்பெற்றது. ஆனால் காலின் நிலைகள், உடலின் நேர்மை, அன்றாடப் பயிற்சி ஆகியவற்றில் எவ்வித தளர்வும் அனுமதிக்கப்படவில்லை. வாயில் அகலத் திறந்திருந்தது. உள்ளே இலக்கணம் கடுமையாயிருந்தது. இவ்விரண்டினது இணைவே இந்நிறுவனத்தின் அடித்தளமாகும். மாதந்தோறும் ஞாயிற்றுக்கிழமையில் அயலவருக்காக நடத்தப்பட்ட 'திறந்த இல்ல' நிகழ்ச்சிகளில் சிறு பிள்ளைகளும், பயிற்சி முதிர்ந்த இளைஞரும், தொழில்முறைக் கலைஞரும் ஒரே நிகழ்ச்சியிற் பங்கேற்றனர். தொடக்கநிலை மாணவி ஒருத்தி, தான் கற்கும் முதலாம் நிலை எங்கு சென்று முடிவடையக்கூடும் என்பதை அதே மேடையிற் கண்டாள். பாடசாலைகள் தோறும் நடத்தப்பட்ட விளக்கவுரை ஆற்றுகைகளும் இத்தன்மையனவே. பலே அசைவுகளுக்கும் இளைஞர் வீதிகளில் ஆடும் ஆட்டங்களுக்கும் உள்ள ஒப்புமைகள் அவற்றில் எடுத்துக்காட்டப்பட்டன.

1971ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி, நியூயோர்க்கின் குகென்ஹைம் அரும்பொருட் காட்சியகத்தில் இக்குழு முறைப்படி அரங்கேறியது. மிச்செல் அமைத்த தொடக்ககால ஆக்கங்களுட் சிலவற்றை நோக்கினாலே கலப்பின் தன்மை புலனாகும். 'ஹோல்பேர்க் சூட்' நோர்வே நாட்டவரான கிறீக்கின் இசைக்கமைந்த தூய செந்நெறி நடனம். 'டோன்ஸ்' கியூபாவிற் பிறந்து, இக்குழுவின் முதல் இசை இயக்குநராக விளங்கிய தானியா லியோனின் புதிய இசைக்கமைந்தது. 'ரிதமெற்றோன்' பிறேசிலைச் சேர்ந்த மார்லோஸ் நோப்ரேயின் தாளவாத்திய இசைக்கமைந்தது. சடங்கொன்றின் வடிவத்தைக் கொண்டது. பாக்கின் இசைக்குப் பலன்சின் 1941ஆம் ஆண்டு அமைத்த 'கொன்சேட்டோ பறொக்கோ'வும் 'அகோனும்' பின்னர் இவற்றோடு சேர்ந்தன. லூயி ஜோன்சனின் 'ஃபோர்சஸ் ஒவ் ரிதம்' என்னும் ஆக்கம் சைக்கோவ்ஸ்கியின் இசையையும் கறுப்பின மக்களின் 'சோல்' இசையையும் ஒரே நடனத்துள் கொண்டுவந்தது. ட்ரினிடாட்டைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹோல்டர் 1974ஆம் ஆண்டு அமைத்த 'டக்ளா' பிறிதொரு கலப்பினைப் பொருளாகக் கொண்டது. இந்திய வம்சாவளியினருக்கும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் பிறந்தோரைக் குறிக்க, இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் மொழிவழியாகத் தீவிற் புகுந்த இழிசொல்லே இது. இரு மரபுகளும் இணையும் திருமண விழாவாக அவ்விழிசொல் மேடையில் மாற்றப்பட்டது.

இவ்வாறு அமைந்த நிகழ்ச்சி நிரல் இரு திசைகளிலிருந்து எழக்கூடிய மறுப்புகளுக்கு விடையாக அமைந்தது. கறுப்பின உடல் செந்நெறிக்குத் தகுதியற்றது என்பது ஒரு மறுப்பு. 'கொன்சேட்டோ பறொக்கோ'வின் துல்லியமான ஆற்றுகை அதற்கு மேடையிலேயே விடையளித்தது. மற்றையது கறுப்பினத்தவரின் விடுதலை உணர்விலிருந்தே எழத்தக்கது. 1965ஆம் ஆண்டு அமீரி பராக்கா ஹார்லத்தில் கறுப்பினக் கலை அரங்கொன்றைத் தொடக்கிய காலந்தொட்டு, கறுப்பினக் கலை தன் வேர்களிலிருந்தே வளரவேண்டும் என்னும் குரல் வலுப்பெற்றிருந்தது. ஐரோப்பிய அரசவையின் கலையை ஹார்லத்துப் பிள்ளைகள் ஏன் பயிலவேண்டும் என்னும் வினா அச்சூழலில் இயல்பானது, எளிதில் ஒதுக்கிவிடக்கூடியதுமன்று. உரிமை மறுக்கப்பட்ட ஒன்றை வேண்டாமென ஒதுக்குவதும் ஒருவகைத் தன்மானமே. ஆனால் மறுக்கப்பட்டதைக் கைக்கொண்டு, அதனருகே தன்னுடையதையும் சமமாக நிறுத்துவது பிறிதொருவகைத் தன்மானமாகும். ஹார்லம் நடன அரங்கு இரண்டாவது வழியைத் தெரிந்துகொண்டது.

இத்தெரிவின் தன்மையைச் சிறிய விடயமொன்று நன்கு விளக்கும். பலே நடனப் பெண்கள் இளஞ்சிவப்புக் காலுறையும் பாதணியும் அணிவது மரபு. வெள்ளையரின் தோல் நிறத்தோடு இயைந்து, இடுப்பிலிருந்து கால்நுனிவரை ஒரே கோடாகத் தோற்றமளிக்கச் செய்வது அதன் பயன். கறுப்பினப் பெண்கள் அதனை அணியும்பொழுது அக்கோடு அறுபட்டு விடுகின்றது. எனவே 1970களில் இக்குழுவினர் காலுறைகளையும் பாதணிகளையும் அவரவர் தோல் நிறத்துக்கேற்பச் சாயமிட்டு அணியத் தொடங்கினர். இலக்கணத்தின் நோக்கம் காக்கப்பட்டது. அந்நோக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த நிறம் மட்டும் நீக்கப்பட்டது. இலண்டனின் புகழ்பெற்ற பாதணி உற்பத்தியாளரான ஃபிறீட் நிறுவனம் கறுப்பின நடனப் பெண்களுக்கான நிறங்களில் நுனிக்காற் பாதணிகளை 2018ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு விட்டது. அதுவரை பலர் ஒப்பனைப் பூச்சினைத் தம் கையாலேயே பாதணிகளிற் பூசிவந்தனர்.

1984ஆம் ஆண்டு இலண்டனில் மேடையேறிய 'கிரியோல் ஜிசெல்' இவ்வளர்ச்சியின் உச்சமெனக் கொள்ளத்தக்கது. 1841ஆம் ஆண்டின் பாரிஸ் நாடகமான 'ஜிசெல்' உழவர் குலப் பெண்ணொருத்தியை உயர்குடி இளைஞன் ஏமாற்றுவதைக் கூறுவது. இக்குழு அதன் நடன அமைப்பைப் பேணிக்கொண்டு, கதைக்களத்தை லூயிசியானாவில் வாழ்ந்த விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் சமுதாயத்துக்கு மாற்றியது. ஒரு குடும்பம் எத்தனை தலைமுறைக்கு முன்னர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டது என்பதே அங்கு உயர்வு தாழ்வினை நிர்ணயித்தது. வர்ஜீனியா ஜோன்சன் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். செந்நெறியும் சமகால உணர்வும் இங்கு அடுத்தடுத்த உருப்படிகளாக நில்லாது ஒரே ஆக்கத்துள் ஒன்றாயின. அத்துடன் ஒடுக்கப்பட்டோரிடையேயும் படிநிலைகள் நிலவியமையை மறைக்காது காட்டியமை இதன் நேர்மைக்குச் சான்றாகும்.

இவ்வரலாற்றை வெற்றி வரலாறாக மட்டும் கூறுதல் முறையன்று. 1988இல் சோவியத் ஒன்றியத்துக்கும் 1992இல் தென்னாபிரிக்காவுக்கும் சென்று புகழீட்டிய இக்குழு, கடன் சுமையால் 2004ஆம் ஆண்டு தன் தொழில்முறை ஆற்றுகைகளை நிறுத்த நேர்ந்தது. பாடசாலை மட்டும் தொடர்ந்து இயங்கியது. அதன் இளையோர் குழு மேடை மரபு அறுபடாது காத்துவந்தது. 2012ஆம் ஆண்டு வர்ஜீனியா ஜோன்சனின் கலைத் தலைமையில் தொழில்முறைக் குழு மீண்டும் மேடையேறியது. மிச்செல் 2018ஆம் ஆண்டு காலமானார். பெருங்குழு வீழ்ந்தபொழுது அதனை மீளெழுப்பக்கூடிய வேராக எஞ்சியது பிள்ளைகளின் வகுப்பறையே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தனியானதொரு கறுப்பினக் குழு இருந்தமை, ஏனைய பெருங்குழுக்கள் தம் கதவுகளைத் திறவாதிருப்பதற்கு ஒரு சாட்டாகப் பயன்பட்டதா என்னும் வினாவும் எஞ்சி நிற்கின்றது. அமெரிக்கன் பலே தியேட்டர் என்னும் பெருங்குழுவில் கறுப்பினப் பெண்ணொருவர், மிஸ்ரி கோப்லன்ட், முதன்மை நடனக் கலைஞர் நிலைக்கு உயர்ந்தது 2015ஆம் ஆண்டிலேயே ஆகும். குகென்ஹைம் அரங்கேற்றத்துக்கும் அதற்கும் இடைப்பட்ட காலம் நாற்பத்துநான்கு ஆண்டுகள். ஒரு மேடையில் நிரூபிக்கப்பட்ட உண்மை, நிறுவனங்களின் நடைமுறையாக மாறுவதற்கு எத்துணைக் காலம் செல்கின்றது என்பதற்கு இவ்விடைவெளியே அளவுகோலாகும்.

எனவே செந்நெறி யாருக்குரியது என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. அதன் கட்டுப்பாட்டைத் தம் உடலில் ஏற்று உழைப்போருக்கே அது உரியது. அவர்கள் அதனைப் பெறும்பொழுது தம் வாழ்வையும் தாளத்தையும் வாயிலுக்கு வெளியே விட்டுவர வேண்டியதில்லை. மொஸ்கோவின் அநாதைப் பிள்ளைகளும் ரஷ்யப் பண்ணையடிமைகளும் அக்கலையைச் சுமந்தனர். ஆயினும் அதன்மீது உரிமை கோரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. ஹார்லத்துப் பிள்ளைகள் அதனைச் சுமந்ததோடு தம்முடையதெனக் கூறவும் செய்தனர். கராஜின் கதவைத் திறந்துவைத்த ஆசிரியரும், வீதியிலிருந்து உள்ளே நுழைந்த பிள்ளையும் சேர்ந்து நிகழ்த்திய அவ்வுரிமைக் கோரலே அக்கலப்பு நிகழ்ச்சிகளின் வரலாற்றுப் பொருளாகும்.