சாவிக்கொத்து கைமாறிய கதை

நம் வீடுகளில் மாமியார் எப்போது சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுக்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? கல்யாணமான அன்றைக்குக் கொடுப்பதில்லை. சில வீடுகளில் கடைசிவரை கொடுப்பதே இல்லை! சம்பளத்தை எதிர்பாராமல் வேலை செய்ய வந்தவர்களின் கூட்டம் ஒன்றில் சாவி கைமாறிய வரலாற்றைப் படித்தபோது, எனக்கு இந்த ஞாபகம்தான் வந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராக இருந்தபோது, லினக்ஸ் என்னும் கணிப்பொறி அமைப்பை எழுதத் தொடங்கி, பிறரும் பார்த்துத் திருத்தலாம் என்று வெளியிட்டவர். பல தேசங்களிலிருந்து திருத்தங்கள் குவிந்தன. எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார் என்று கணக்கு வைக்க, 2002 முதல் ஒரு கம்பெனியின் கருவி இலவசமாகக் கிடைத்து வந்தது. 2005 ஏப்ரலில் அந்தச் சலுகை நின்றுவிட்டது. லினஸ் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுத் தாமே ஒரு கருவியை எழுத உட்கார்ந்தார். சில நாட்களில் அது நடமாட ஆரம்பித்தது. 'கிட்' என்று அதற்குப் பெயர்.

நாவலின் ஓர் அத்தியாயத்தை நாலு தரம் அடித்துத் திருத்திவிட்டு, முதலில் எழுதியதே மேல் என்று குப்பைக்கூடையைக் கிளறியவன் நான். அப்படி ஒரு கருவியின் அருமை எனக்கா தெரியாது!

ஆரம்ப வாரங்களிலேயே ஜூனியோ ஹமானோ என்ற ஜப்பானியர் அதற்குத் திருத்தங்கள் அனுப்பினார். விடாமல் அனுப்பினார். அந்த வருஷம் ஜூலை 26-ந் தேதி, நாலு மாதம்கூட ஆகுமுன், லினஸ் முழுப் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டார். தேர்தல் இல்லை, மாலை மரியாதை இல்லை. நல்லது எது என்று அறியும் ருசி அவரிடம் இருந்தது என்பதுதான் லினஸ் பிற்பாடு சொன்ன காரணம்.

நானும் ஒரு சங்கத்துக்கு ஒரு வருஷம் தலைவனாக இருந்தேன். மேடையில் உட்கார்ந்தேன், வரவுசெலவு நோட்டை ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் யாரும் என்னைத் தேடவில்லை. அப்போது கோபம் வந்தது. ஹமானோவின் வேலையைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கோபம் வெட்கமாக மாறிவிட்டது.

அவர் வேலை என்ன? வருகிற திருத்தங்களை வரி வரியாகப் படிப்பது, குறை சொல்லித் திருப்பி அனுப்புவது, தேறியதைச் சேர்ப்பது. எது பக்குவமாகிவிட்டது, எது இன்னும் காத்திருக்கிறது என்று அடிக்கடி ஒரு பட்டியல் போடுவார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, 'அடுப்பில் என்ன இருக்கிறது' என்கிற பாவனையில்! அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டுமென்று சட்டம் கிடையாது. பிடிக்காதவர்கள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகலாம், தடுக்க முடியாது. ஆனாலும் 1.0 என்ற பதிப்பு 2005 டிசம்பரில் அவர் பொறுப்பில்தான் வெளிவந்தது. 2025-லும் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பொறுப்பைக் கொடுத்த பிறகும் லினஸ் கிட்டுக்குத் திருத்தங்கள் எழுதினார். அவற்றையும் ஹமானோவுக்குத்தான் அனுப்பினார்.