அடையாறு அலமாரி

1884 டிசம்பரில் சென்னைக்கு வந்த ரிச்சர்டு ஹாட்ஜ்சனுக்கு வயது 29. மெல்போர்னில் சட்டமும் கேம்பிரிட்ஜில் தத்துவமும் படித்தவர். அவர் முக்கியமாகச் சோதிக்க வேண்டியிருந்தது ஒரு மர அலமாரியை.

அவர் வருவதற்குள் அதை எரித்துவிட்டார்கள்.

பிரம்மஞான சபை அடையாற்றின் தென்கரையில் குடியேறி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1875-ல் நியூயார்க்கில் தொடங்கிய சபை, பம்பாய் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. மாடியில் அம்மையாரின் படுக்கையறையை ஒட்டிய அறையின் சுவரில் அந்த அலமாரி மாட்டியிருந்தது. சபையார் அதற்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயரைச் ‘சந்நிதி’ என்று தமிழில் சொல்லலாம். உள்ளே கடிதம் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திறந்தால் பதில் இருக்கும். திபெத்தில் வாழும் கூட் ஹூமி, மோரியா என்ற மகாத்மாக்கள் அனுப்பியது அது என்பது நம்பிக்கை. நம்பியவர்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் உண்டு.

வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துவந்த எம்மா கூலோம், அம்மையாருக்குக் கெய்ரோவிலேயே பழக்கமானவர். கணவர் அலெக்சிஸுக்குத் தச்சு வேலை கைவந்தது. 1884-ல் அம்மையாரும் ஆல்காட்டும் ஐரோப்பா போயிருந்தபோது, பொறுப்பில் இருந்தவர்களோடு மனத்தாங்கல் முற்றி, மே மாதத்தில் தம்பதி வெளியேற்றப்பட்டார்கள். செப்டம்பரில் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகஸினில் பிளாவட்ஸ்கி எழுதியவை என்று சில கடிதங்கள் வெளிவந்தன. அற்புதங்களை எப்போது, யார் முன்னால், எப்படி நடத்துவது என்று எம்மாவுக்குச் சொல்லும் கடிதங்கள். இந்து, பௌத்த சமயங்களைத் தூக்கிப் பேசிய சபைமீது மிஷனரிகளுக்கு ஏற்கெனவே கசப்பு இருந்தது என்பதையும் இங்கே மறக்கக் கூடாது.

ஹாட்ஜ்சனை அனுப்பியது மிஷனரிகள் அல்ல. டெலிபதி, ஆவி, மெஸ்மரிசம் ஆகியவற்றை ஆய்வு முறையில் சோதிக்க 1882-ல் லண்டனில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்’ என்ற சங்கம். அதன் முதல் தலைவர் கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஹென்றி சிஜ்விக். இப்படிப்பட்ட சக்திகள் மெய்யாக இருந்தால் நல்லது என்று உள்ளூர ஆசைப்பட்டவர்களே அதில் அதிகம்.

ஹாட்ஜ்சன் போலீஸ்காரரைப் போல வேலை பார்த்தார். சுவரை அளந்தார்; சாட்சிகளை விசாரித்துத் தேதிகளை ஒப்பிட்டார்; கையெழுத்துகளை அடுக்கிவைத்துப் பார்த்தார். 1883 ஆகஸ்டில் ஜெனரல் மார்கன் அலமாரியைப் பார்க்க வந்தபோது, எம்மா கதவைத் திறக்க, உள்ளிருந்த பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்கள். சில நிமிடங்களில் தட்டு முழுசாக இருந்தது! இந்த அற்புதத்தைத் துருவிப்போன ஹாட்ஜ்சன் சென்னையில் ஒரு கடைக் கணக்கில் போய் நின்றார். எம்மா வாங்கியது ஒரு ஜோடித் தட்டு.

அலமாரியின் பின்பலகை நகரும்படி செய்ததும், சுவரில் துளை போட்டதும் தானே என்றார் அலெக்சிஸ். அம்மையார் இல்லாத நேரத்தில் சதிக்காகச் செய்த வேலை அது என்றார்கள் சபையார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பலகையோ சாம்பலாகியிருந்தது. எரித்தவர்களே சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால், இந்த இடத்தில் அவர்கள் வாதம் எடுபடவில்லை.

1885 டிசம்பரில் சுமார் 200 பக்க அறிக்கை வந்தது. பிளாவட்ஸ்கி வரலாற்றின் தேர்ந்த ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்பது முடிவு. கூடவே, அவர் ரஷ்யாவுக்காக வேலை செய்தார் என்ற ஊகம். அறிக்கையின் மிகப் பலவீனமான பகுதி அதுதான். கையெழுத்துப் பகுதியும் ஆட்டம் காண்கிறது. மகாத்மா கடிதங்களைப் பார்த்த நிபுணர் ஒருவர் முதலில் ‘அம்மையார் எழுத்தல்ல’ என்று சொல்லிவிட்டு, கூடுதல் மாதிரிகளைக் கொடுத்ததும் மாற்றிக்கொண்டார். 1986-ல் வெர்னான் ஹாரிசன் என்ற உறுப்பினர், அதே சங்கத்தின் இதழிலேயே ஹாட்ஜ்சனின் முறைகளைக் கடுமையாகச் சாடினார்.

எம்மாவின் கடிதங்கள் வெளிவந்தபோதே வழக்குப் போட அம்மையார் துடித்தார். சபை மாநாடு தடுத்துவிட்டது. அறிக்கை வருவதற்கு முன்பே, 1885 மார்ச் கடைசியில் கப்பலேறியவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. 1889-ல் லண்டனில் தன்னைத் தேடிவந்த ஒரு பெண்ணிடம், அந்த அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள் என்றார். படித்துவிட்டு வந்து சபையில் சேர்ந்தவர், அன்னி பெசன்ட்.

ஹாட்ஜ்சன் கதை அதைவிட வினோதம். நேர்மையான சாட்சிகூட நடக்காததைப் பார்த்ததாகச் சொல்வார் என்பதை, எஸ். ஜே. டேவி என்பவரை வைத்துப் போலி ஆவி அமர்வுகள் நடத்தி 1887-ல் எழுதிக் காட்டினார். அதே ஆண்டு பாஸ்டன் போய் லியனோரா பைப்பர் என்ற ஆவி ஊடகப் பெண்ணைச் சோதித்தார். அவர்மேல் துப்பறிவாளர்களைக்கூட ஏவினார். மோசடி அகப்படவில்லை. கடைசியில், பைப்பர் வழியாகப் பேசுவது இறந்தவர்களே என்று 1898-ல் எழுதிவிட்டார்.

1905 டிசம்பரில், பாஸ்டனில் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து இறந்தார். சில நாட்களில் பைப்பரின் கை ‘ஹாட்ஜ்சன்’ பெயரில் எழுதத் தொடங்கியது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1909-ல் அறிக்கை வெளியிட்டார். எழுதியது தன் பழைய நண்பர்தானா என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.