ஸோச்சிமில்கோ ஜலம்

மெக்ஸிகோ பள்ளத்தாக்கு, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், எரிமலைகள் சூழ்ந்து நிற்க, உள்ளே விழுந்த மழைநீர் கடலுக்குச் செல்ல வழியில்லாத ஒரு பெரும் பாத்திரம்போல் அமைந்திருந்தது. அதில் ஐந்து ஏரிகள் இருந்தன. தெற்கே சற்று மேட்டிலிருந்த சால்கோவும் ஸோச்சிமில்கோவும் மலையடிவாரத்து ஊற்றுகளால் நிரம்பிய நன்னீர் ஏரிகள். அவற்றினின்றும் வழிந்த நீர், எல்லாவற்றிலும் தாழ்ந்த டெஸ்கோகோ ஏரியை அடைந்து, ஆவியாவதன்றி வேறு கதியில்லாமல், தான் சுமந்துவந்த உப்பையும் க்ஷாரத்தையும் அங்கேயே விட்டுச் சென்றது. கோடையில் கரையில் பூத்த வெண்படிவத்தை அவ்வூரார் டெகெஸ்கிடே என்றார்கள். நம் வண்ணார் துணி வெளுக்கச் சேகரித்த உவர்மண்ணுக்கு அது நெருங்கிய உறவு. சலவைச் சோடாவும் ஆப்பசோடாவும் சாப்பாட்டு உப்பும் கலந்தது. மக்காச்சோளத்தையும் அவரையையும் மெத்தென்று வேகவைக்க, அந்நாட்டுப் பெண்கள் அதை இன்றும் அடுப்படியில் வைத்திருக்கிறார்கள்.

ஆக்ஸலாட்டல் என்னும் பிராணி பிறந்தது தென்பகுதி ஏரிகளில். தலையின் இருபுறமும் மும்மூன்றாக இறகுபோன்ற செவுள்கள் விரிய, இளமைக் கோலம் மாறாமலே இனம் பெருக்கும் அந்த ஜந்துவை, பலியிலிருந்து தப்பி ஓடிய ஷோலோட்ல் தேவன் இரட்டைத் தாள் சோளமாகவும், இரட்டைக் கற்றாழையாகவும் மாறி, கடைசியில் நீரில் ஒளிந்தபோது எடுத்த வடிவம் என்று அஸ்டெக் மக்கள் கருதினார்கள். தெய்வமென்று கருதிய அதனையே உணவாகவும் உண்டார்கள். 1449இல் நேர்ந்த பெருவெள்ளத்திற்குப் பின், டெஸ்கோகோ அரசன் நெஸாவல்கோயோட்ல் ஏரியின் குறுக்கே பல மைல் நீளத்திற்கு ஓர் அணை எழுப்பி, கிழக்குப்புறத்து உவர்நீர் மேற்குப்புறத்து நன்னீரோடு கலவாமல் தடுத்தான். வெள்ளத்தைத் தடுத்த அணை என்றே சரித்திர நூல்கள் இதனைப் புகழ்கின்றன. நீரின் குணத்தைக் காத்த அணை என்பதே இதன் பெரிய பெருமை என்று எனக்குத் தோன்றுகிறது.

1864இல், பிரெஞ்சுப் படையெடுப்பின் காலத்தில் மெக்ஸிகோவிலிருந்து பாரிஸுக்கு வந்த முப்பத்து நான்கு ஆக்ஸலாட்டல்களில் ஆறு, இயற்கைப் பொருட்காட்சிசாலையில் ஒகுஸ்த் துமேரில் என்னும் விஞ்ஞானியின் வசம் சேர்ந்தன. ஐந்து ஆண், ஒன்று பெண். அடுத்த ஆண்டே அவை முட்டையிட்டன; குஞ்சுகளுள் சில செவுள் உதிர்த்துத் தரைவாழ் உருவம் கொண்டு உலகத்தை வியக்கவைத்தன. பாரிஸ் சுண்ணாம்புப் பாறையின் மேல் எழுந்த நகரம். சுண்ணாம்பு கரைந்த கடின நீர் இப்பிராணிக்கு இசைவானது. ஐரோப்பிய ஆய்வுசாலைகளெங்கும் பரவிய வம்சத்தின் பெரும்பகுதி அந்த ஆறிலிருந்து வந்ததே.

ஆனால் நீரின் அமில, க்ஷார குணத்தை அளக்க அன்று ஓர் அளவுகோல் இல்லை. 1909இல்தான் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுசாலையைச் சேர்ந்த ஸோரென்ஸன் பி.எச். என்னும் அளவை வகுத்தார். பின்னர் ஹோல்ட்ஃபிரீட்டர் என்னும் ஜெர்மானியக் கருவியலறிஞர் நீர்நில வாழ்வனவற்றின் கருக்களை வளர்ப்பதற்கென ஒரு கரைசல் அமைத்தார். லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை கிராம் சாதாரண உப்பு, மிகச் சிறிதளவு பொட்டாசியம், கால்சியம் குளோரைடுகள், 0.2 கிராம் ஆப்பசோடா. அதை நீர்க்கச் செய்து ஆக்ஸலாட்டல் வளர்ப்போர் இன்றும் பயன்படுத்துகிறார்கள். டெஸ்கோகோவின் கரையில் பூத்த பொருள்களுள் இரண்டு அக்கரைசலில் திரும்பி வந்து நிற்பதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

கண்ணாடித் தொட்டியும் வடிகால் இல்லாத பாத்திரமே. ஆனால் பள்ளத்தாக்கில் க்ஷாரம் சேர்ந்ததுபோல் இங்கே அமிலம் சேர்கிறது. பிராணியின் கழிவிலிருந்து எழும் அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது பிறக்கும் அமிலம், நீரிலுள்ள கார்பனேட்டைத் தின்றுகொண்டே போகிறது. கார்பனேட் உள்ளவரை பி.எச். அசையாமல் நிற்கும், அது தீர்ந்ததும் சரசரவென்று இறங்கும். பி.எச். 7.4க்கும் 7.6க்கும் இடையே இருத்தல் நலம், 6.5க்குக் கீழே பிராணிக்குத் துன்பம், நுண்ணுயிர்களும் சோர்ந்துபோகும். நண்பரொருவர் வீட்டில், சோதனைக் குழாயில் விட்ட சொட்டு மருந்து நீல நிறம் காட்டவேண்டிய இடத்தில் எலுமிச்சை மஞ்சளாக நின்றதையும், தொட்டியின் மூலையில் அப்பிராணி செவுள்களை முன்புறம் மடித்து, வால்நுனியைச் சுருட்டிக் கிடந்ததையும் கண்டேன். அவர் பதறி ஆப்பசோடாவை அள்ளப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அமில நீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கற்ற அமோனியமாகவே அடங்கியிருக்கும், பி.எச். ஒரு படி உயர்ந்தால் அதன் விஷப்பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே முதலில் அமோனியாவைச் சோதித்து, குளோரின் நீக்கிய, அதே குளிர்ச்சியுள்ள நீரைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றி, அதன்பிறகே நீரின் குணத்தைத் திருத்த வேண்டும்.

திருத்தியது பவழத்தூள். ஒரு துணுக்கைக் காடியில் இட்டுப் பார்த்தோம்; சிறு நுரை சீறிக் கிளம்பிற்று, கார்பனேட் என்பது உறுதியாயிற்று. வலைத்துணிப் பையில் கைப்பிடியளவு கட்டி, நீர் ஓடும் வடிகட்டியினுள் வைத்தோம். அடியில் பரப்பினால் அப்பிராணி விழுங்கிவிடும். நீர் அமிலமானால் அது கரைகிறது, சமன்பட்டால் தன்னால் நின்றுவிடுகிறது. ஆப்பசோடாவுக்கு அந்த நிதானம் கிடையாது. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நீலம் திரும்பிற்று, செவுள்களும் பின்னோக்கி விரிந்தன.

ஸோச்சிமில்கோவின் ஊற்றுகளோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரத்தின் குழாய்களுக்குத் திருப்பப்பட்டு, பின்னர் வற்றிப்போயின. இன்று அங்குள்ள வாய்க்கால்களை நிரப்புவதில் பெரும்பகுதி நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர். 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று மதிப்பிடப்பட்ட பிராணிகள் 2014இல் 36ஆகக் குறைந்தன. மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகத்தாரும் ‘மிதக்கும் தோட்டங்கள்’ எனப்படும் செயற்கைத் திட்டுகளின் உழவரும் சேர்ந்து, சில குறுகிய வாய்க்கால்களின் வாயிலை வலையாலும் நீர்ச்செடிகளாலும் அடைத்து, கெண்டையும் திலேப்பியாவும் புகாமல், நீர் மட்டும் வடிந்து உட்புகும்படி செய்திருக்கிறார்கள். அங்கே பிராணியை விடுமுன், உள்நீரின் குணத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.