தலைக்காசும் தேத்தண்ணிக் காசும்

சென்ற ஆண்டு இறுதியில் அப்பா, அம்மாவின் வீட்டைப் புக்கிட் பெலண்டோக்கிலிருந்து பட்டர்வர்த்துக்கு மாற்றினேன். கூலிமில் எனக்கு வேலை. நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். லோரிக்குப் பேசிய தொகை 1,800 வெள்ளி. ஓட்டுநர் ஒருவர், சாமான் தூக்க இரண்டு பேர்.

முதல் நாள் இரவு ஒரு சின்னக் கேள்வி தூங்கவிடவில்லை. பேசிய தொகைக்கு மேல் அந்த மூவருக்கும் எவ்வளவு கொடுப்பது? வேலையிடத்து நண்பர்களைக் கேட்டேன். "நம்ம ஊர்ல அந்தப் பழக்கமே இல்ல ப்ரோ" என்றான் ஒருவன். "அமெரிக்காவில தனியா குடுப்பாங்களாம், பத்து பெர்சன்ட் குடு" என்றான் இன்னொருவன். "தேத்தண்ணிக்கு ஆளுக்குப் பத்து வெள்ளி போதும்" என்று அம்மா முடித்துவிட்டார்.

அப்பா தொகை எதுவும் சொல்லவில்லை. "எவ்வளவு குடுத்தாலும் அவங்கவங்க கையில குடு. டிரைவர் கையில மொத்தமா குடுக்காத. அப்புறம் தலைக்காசு மாதிரி ஆயிடும்" என்றார்.

தலைக்காசு. அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். அதைத் தேடிப் போனபோதுதான், வீடு மாற்றும் காசுக்கு நம்மிடையே எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது என்று புரிந்தது.

பிரிட்டிஷ் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. துரை கொடுத்த அனுமதிச் சீட்டுடன் தன் சொந்த ஊருக்குப் போவார். உறவு, சாதி, கடன் என்று எது கைகொடுத்ததோ அதைப் பிடித்து ஆள் சேர்ப்பார். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களைக் கடந்து கப்பல் ஏற்றிவிடுவார். சேர்த்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு. தோட்டத்துக்கு வந்த பிறகும் கணக்கு முடியாது. அவருடைய ஆட்கள் காலைப் பெரட்டில் நின்று வேலைக்குப் போனால், ஒவ்வொரு நாளும் தலைக்கு ஓரிரு காசு அவருக்குச் சேரும். அதுதான் தலைக்காசு.

நான் பொறியாளன், கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். 1920களின் இறுதியில் சில முக்கிய வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கங்காணியிடம் ஐம்பது பேர் என்றும் தலைக்காசு இரண்டு காசு என்றும் வைத்துக்கொள்வோம். மரம் வெட்டாமல், வாளி தூக்காமல், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி. இரண்டு ஆண்களின் கூலி. காய்ச்சலில் ஒருவர் லயத்திலேயே படுத்துவிட்டால் கங்காணிக்கு இரண்டு காசு நட்டம். விடியுமுன் அவர் ஏன் லயத்துக் கதவைத் தட்டினார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதே முறை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இறுக்கமாக இருந்தது. அங்கே ஒரு குடும்பம் தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்னாருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவரை விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதிய சீட்டு அது. ஒரு குடும்பம் இடம் மாறுவதன் விலை அந்தக் காகிதத்தில் ரூபாயில் எழுதியிருக்கும். பணம் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, கங்காணி வழியாகப் போகும். சட்டிபானையும் பிள்ளையும் சுமந்து மலையேறியவர்களுக்கு மிஞ்சியது அதே கடன், புது இடத்தில். 1921இல்தான் துண்டு சட்டப்படி ஒழிந்தது.

மலாயாவில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி வந்தது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் அதற்குப் பணம் கட்டினார்கள். கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. இங்கே வந்து இறங்குபவர் சட்டத்தின் கண்ணில் கடனில்லாதவர். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். இது பெரிய மாற்றம்தான். ஆனால் ஆள் சேர்க்கும் கங்காணிக்கான படியையும் அந்த நிதியே கொடுத்தது. காசு வந்த பை மாறியது, போய்ச் சேர்ந்த கை மாறவில்லை. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுப் புலம்பெயரும் உடலுழைப்புத் தொழிலாளர்களைத் தடுத்தபோதுதான் அந்த வாசல் மூடியது.

அதற்குப் பிறகும் நாம் மூட்டை கட்டாமல் இல்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். லயத்துக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். என் கணக்கில் அது தனி இனம். யாரும் நம்மை இடம் மாற்றாமல் இருப்பதற்காக நாமே கொடுத்த காசு.

அது எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. எங்களுக்குப் பக்கத்துச் சிப்பாங்கில் தோட்ட நிலங்களின் மேல் விமான நிலையம் எழுந்து 1998இல் திறந்தது. ஆட்குறைப்புக்கான 1980ஆம் ஆண்டு விதிகள், ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்கின்றன. வீட்டுச் சாமானை ஏற்றிப்போகும் செலவென்று அதில் ஒரு வரி கிடையாது.

புக்கிட் பெலண்டோக்கின் பெரிய இடப்பெயர்வு 1999 மார்ச்சில் நடந்தது. அப்போது எனக்கு இரண்டு வயது. ஈப்போ பக்கம் தொடங்கிய காய்ச்சல், நோயுற்ற பன்றிகளோடு லோரியேறி நெகிரி செம்பிலானுக்கு வந்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டார். எங்களுக்குப் பக்கத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாட்டில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். இராணுவம் இறங்கியது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணைக்காரர்கள் சீனர்கள் என்பதால் இதைச் சீனர்களின் துயரமாகவே பலரும் நினைக்கிறார்கள். பண்ணைகளில் கூலிக்கு நின்ற தமிழர்களும் அதில் இருந்தார்கள்.

ஊரே காலியானது. "ஒரு லோரியும் உள்ள வரமாட்டேன்னுட்டான்" என்பார் அம்மா. கடைசியில் ஒருவர் வந்தார். சாமான் ஏற்றும்வரை வண்டியைவிட்டு இறங்கவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. சிரம்பானில் மாமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அப்பா காசை நீட்டினார். அவர் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்து, "இதுல போடுங்கண்ணே" என்றார். பேசிய தொகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு நாள் அவர் என்ன துணிச்சலில் வந்தார் என்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனையும் கேட்டு முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. "தலைக்காசு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? அது உங்க காலத்துல இல்லையே" என்றேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா கங்காணி" என்றார்.

எங்கள் கதையை நான் எப்போதும் சுமந்தவர்களின் கதையாகவே சொல்லிவந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்து மேடையில்கூட ஒருமுறை பேசியிருக்கிறேன். நாளைக்கு லோரியில் ஏறப்போகும் அந்தப் பழைய டிரங்குப் பெட்டி யார் தலைகளின் கணக்கில் வாங்கியது என்று யோசித்ததில்லை. அவர் வில்லன் என்று எழுதிவிடவும் மனம் வரவில்லை. 1930இல் ரப்பர் விலை விழுந்து கூலியை வெட்டியபோது அவரையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் விடியுமுன் கதவைத் தட்டிய கையும் எங்கள் குடும்பத்துக் கைதான்.

மறுநாள் வந்த இருவரும் பங்களாதேஷிகள். தாப்பா ஓய்விடத்தில் சோறு சாப்பிடும்போது இளையவரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தேன். இங்கு வர ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் அடைய இரண்டு வருடம் பிடித்ததாம். இது ஒருவர் கதையல்ல. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை விதித்த தடைக்குப் பிறகு, டாப் குளோவ் கையுறை நிறுவனம் தன் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏஜென்டுகளுக்குக் கட்டியிருந்த பணத்துக்கு ஈடாக 13 கோடியே 60 லட்சம் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தது. ஒரே ஒரு நிறுவனத்தில் மட்டும் இவ்வளவு. கங்காணிக்காவது துரை காசு கொடுத்தார். இன்று தன் தலைக்கான காசை அந்தத் தலையே கொடுக்கிறது.

கடைசியில் நான் போட்ட கணக்கு இது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். ஆளுக்கு ஒரு நாள் சம்பளம். மூன்று பேருக்கும் சேர்த்து இருநூறுக்குள். லோரிச் செலவில் ஒன்பதில் ஒரு பங்குகூட வராது. படிக்கட்டு, பியானோ, மழை என்றிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். சரியான தொகை என்று சட்டமில்லை. கொடுக்கும் முறையில்தான் எனக்கு உறுதி உண்டு.

பட்டர்வர்த்தில் சாமான் இறங்கியதும் தனித்தனியாகக் கொடுத்தேன். இளையவர் வாங்கவில்லை. முதலில் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். "அம்பில்லா, உனக்குத்தான்" என்றார் ஓட்டுநர். அதற்குப் பிறகுதான் கை நீண்டது.

அப்பா வாசலில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.