ஆகவேயா, ஆனாலா?

தரம் 11 வரலாற்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பசறைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று எழுதியிருந்தது: "1948இல் சுதந்திரம் கிடைத்தது. ஆகவே எங்கள் பிரஜாவுரிமை போனது."

'ஆகவே'யை வெட்டி 'ஆனால்' என்று போட்டேன். பிறகு கை நின்றுவிட்டது.

1947 தேர்தலில் தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது; நம்ம பதுளையில் எஸ். எம். சுப்பையா. 1948 பெப்ரவரியில் சுதந்திரம். அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதன்படி இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது பாட்டனும் பூட்டனும். லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவது? 1949இல் வாக்கு பிரஜைகளுக்கு மட்டும் என்றானது. அதனால் 1952இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

பிள்ளைகள் வழக்கமாக இதையெல்லாம் 'பின்னர்', 'பின்னர்' என்று கோத்துவிடுவார்கள், மழைக்குப் பின்னர் வெயில் வந்த மாதிரி. 'பின்னர்' போட்டால் யாரும் எதையும் செய்யவில்லை. நான் போட்ட 'ஆனால்' மட்டும் என்ன? சுதந்திரம் ஒரு பக்கம், இது வேறொரு துரதிர்ஷ்டம் என்று பிரித்துவிடுகிறது. இந்தப் பிள்ளையாவது காரணம் தேடியிருக்கிறது.

ஆனாலும் உரிமை தானாகப் போகவில்லையே. பாராளுமன்றத்தில் கை உயர்த்தினார்கள்.

'ஆகவே'யைத் திரும்ப எழுதினேன். ஓரத்தில் ஒரு குறிப்பு: "இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு வசனம் குறைகிறது. யார் செய்தார்கள் என்று எழுதவும்."