சாட்சிக்கு வந்த அணிகலன்கள்

1973இல் நாசிர் உசேன் இயக்கத்தில் வெளிவந்த ‘யாதோங் கி பாராத்’ என்னும் இந்திப் படத்திலும், அதைத் தழுவி 1975இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் வந்த ‘நாளை நமதே’ படத்திலும், சிறுவயதில் பிரிந்த உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் இனங்கண்டுகொள்ள, குடும்பமாகக் கூடிப் பாடிய ஒரு பாட்டே வழியாகிறது. ஒலியைத் தன் வசமாக்கிக்கொண்ட திரைப்படக் கலைக்கு ஏற்ற மாற்றம் இது. அதற்கு முந்திய பல நூற்றாண்டுகளில் நாடகமும் காப்பியமும் இதே பணியை மோதிரம், மாலை, சிலம்பு முதலிய பொருள்களுக்கே பெரும்பாலும் அளித்திருந்தன. மறைந்திருந்த உறவையோ உண்மையையோ வெளிப்படுத்திக் கதையின் போக்கைத் திருப்பும் இத்தகைய பொருளை ‘அடையாளப் பொருள்’ எனலாம்.

இவ்வுத்தியை முதன்முதல் வகைப்படுத்தி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். அறியாமை நீங்கி அறிவு பிறக்கும் கணத்தை ‘இனங்காணல்’ என்று தம் ‘கவிதையியல்’ நூலில் விளக்கிய அவர், தழும்பு, கழுத்தணி போன்ற புற அடையாளங்களால் நிகழும் இனங்காணலைக் கலைத்திறம் மிகக் குறைந்த வகையாகவும், கற்பனை வறண்ட புலவரே பெரிதும் நாடுவதாகவும் மதிப்பிட்டார். ஆயினும் கிரேக்க மேடை அதைக் கைவிடவில்லை. பிறந்த குழந்தையை வளர்க்க மறுத்து வெளியே விட்டுவிடும் வழக்கம் அச்சமூகத்தில் இருந்தமையால், அவ்வாறு விடப்படும் குழந்தையோடு வைக்கப்பட்ட சிறு அணிகள் பார்வையாளர்க்கு வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்க இடமில்லை. கிரேக்க நாடக ஆசிரியர் மெனாண்டரின் நாடகம் ஒன்றில், கண்டெடுத்த குழந்தையைப் பிறனிடம் தந்துவிட்டு அணிகளை மட்டும் வைத்துக்கொள்ள முயலும் ஆட்டிடையனுக்கு எதிராக, அவ்வணிகள் குழந்தையின் பிறப்பை அறிவிக்கக்கூடியவை, ஆகவே குழந்தைக்கே உரியவை என்ற வாதம் நடுவர் முன் வைக்கப்பட்டு வெல்கிறது. உரோம நாடக ஆசிரியர் பிளாட்டஸின் ‘கயிறு’ நாடகத்திலோ, கடலில் மூழ்கிய பெட்டி மீனவன் வலையில் சிக்க, அதிலிருந்த விளையாட்டு அணிகள் ஒரு பெண்ணின் பெற்றோரைக் காட்டிக்கொடுக்கின்றன.

மீனவனால் மீட்கப்படும் அடையாளப் பொருள் காளிதாசரின் சாகுந்தலத்திலும் வருவதை அறிந்தவர்க்கு, ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததோ என்னும் கேள்வி எழுவது இயல்பே. இந்திய நாடகம் கிரேக்கத் தாக்கம் பெற்றது என 1882இல் அறிஞர் எர்ன்ஸ்ட் வின்டிஷ் வாதிட்டார். மற்றோர் அறிஞரான சில்வேன் லெவி 1890இல் அதை மறுத்தெழுதினார். கடன் வாங்கியவர் யார் என்பதைவிட, அவ்வுத்தியைக் கொண்டு இங்கே என்ன செய்தார்கள் என்பதே கருதத்தக்கது; ஏனெனில் இந்நாட்டுக் கதைஞர்கள் அடையாளப் பொருளின் வலிமையை அறிந்த அளவுக்கு அதன் இயலாமையையும் அறிந்திருந்தனர்.

இராமகாதையில் அனுமன் கொண்டுசென்ற கணையாழியும் மீண்டு வந்த சூளாமணியும் தாம் ஏற்ற பணியைக் குறைவின்றி முடித்தன. பௌத்தக் கதையான கட்டஹாரி ஜாதகத்தில் அவ்வாறு நிகழவில்லை. காட்டில் சந்தித்த பெண்ணுக்குத் தான் தந்த மோதிரத்தை அவள் மகனோடு கொண்டுவந்து காட்டும்போது, காசி மன்னன் அதை அறிந்தும் அவைக்கு நாணி மறுக்கிறான். மோதிரம் பயனற்றுப்போக, தன் சொல் மெய்யானால் குழந்தை வானில் நிற்கட்டும் என்று அவள் செய்யும் சத்தியமே வெல்கிறது. மகாபாரதத்துச் சகுந்தலை கதையிலும் துஷ்யந்தன் அறிந்தே மறுக்க, அசரீரி வாக்கு அவனைத் திருத்துகிறது. அங்கே மோதிரமே இல்லை.

துருவாச முனிவரின் சாபத்தையும் மோதிரத்தையும் சேர்த்ததன் வழி, அரசனின் பொய்யை மறதியாக மாற்றியவர் காளிதாசர். இம்மாற்றம் அரசனைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே என்று கொள்வது நாடகத்துக்கு நீதி செய்வதாகாது. அவையில் காட்ட வேண்டிய வேளையில் சகுந்தலையின் விரல் வெறுமையாக இருக்கிறது. மீன் வயிற்றிலிருந்து மோதிரம் கிடைத்தபின் அரசனுக்கு நினைவு வருகிறது, ஆனால் அவள் அங்கு இல்லை. வில்லியம் ஜோன்ஸ் 1789இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது ஊழ்வினையின் மோதிரம் என்னும் கருத்துப்படத் துணைத்தலைப்பு இட்டதும் இம்மோதிரத்தின் இடத்தை உணர்ந்தே. எனினும் இறுதி அங்கத்தில், அரசன் அதை மீண்டும் அணிவிக்க முற்படுகையில், தனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, அவனே அணிந்துகொள்ளட்டும் எனச் சகுந்தலை மறுக்கும் சிறு உரையாடலே இந்நாடகத்தின் மிக நுண்ணிய இடம்.

சிலப்பதிகாரத்தில் அடையாளப் பொருள் முதலில் பொய்ச்சாட்சி ஆகிறது. அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்திருந்த பொற்கொல்லன், கோவலன் விற்கக் கொணர்ந்த தன் மனைவி கண்ணகியின் சிலம்பின் புறத்தோற்ற ஒற்றுமையைக் கொண்டே அவனைக் கள்வன் ஆக்க, ஆராயாத மன்னனின் சொல்லால் அவன் கொலையுண்கிறான். புறம் ஒத்திருந்த இரு சிலம்புகளும் அகத்தே வேறுபட்டன: பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரல்களாக இருந்தன. உண்மை அகத்தே இருந்தமையால் அதைக் காட்ட வேறு வழி இருக்கவில்லை. கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்தாள். மாணிக்கப் பரல் மன்னனின் வாயருகே தெறித்தது. தானே கள்வன் எனக் கூறி அரியணையிலிருந்து வீழ்ந்தான் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன்.